ஒரு கிணறு, ரெண்டு செல்போன்

மோட்டார் ரூமுக்கென்று ஒரு வாசனை உண்டு. கிரீஸ், ஈரச் சிமெண்ட், எப்போதோ கருகிய மோட்டார் காயில் எல்லாம் கலந்த வாசனை. தகரக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்பும்...

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நான் ஒரு ஆளைத் தொலைத்துவிட்டேன். அந்தக் கதைதான் இது.

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. சாதாரணத் தோப்பு இல்லை. அதன் பச்சையைக் கடல் என்று நினைத்து ஒரு விமானமே தடம் மாறிப்போனதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியது அடியேன்தான். அளந்து பார்த்தால் ரெண்டு ஏக்கர் தேறும்.

கிணறு கூட்டுக் கிணறு. எனக்குப் பாதி, பக்கத்துத் தோப்புக் குருசாமிக்குப் பாதி. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. காலை ஆறு மணிக்கு முறை மாறும். குருசாமி பட்டாளத்தில் இருந்து வந்தவன். ஆறு மணிக்குச் சூரியன் அவனிடம் அனுமதி வாங்கித்தான் மேலே வரும்.

என் திருவிளையாடல் என்னவென்றால், அவன் முறை முடியக் கொஞ்சம் முன்னால் மோட்டாரை நிறுத்திவிடுவது. தண்ணீருக்காக இல்லை. சும்மா...

அவன் கடைசி மரத்துப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு இருப்பான். தண்ணீர் நிற்கும். ஒரு படையே கிளம்பி வருகிற மாதிரி வரப்பு அதிர வருவான்.

"ஏலே, ஒனக்குக் கை அரிக்குதா?"

"கரண்ட் போயிருச்சு மாப்ள."

தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டு இருக்கும். பல்பைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் டீ ஊற்றுவான். தொட்டிச் சுவரில் உட்கார்ந்தால் வெயில் ஏறும் வரை பேச்சு. அவன் மகளுக்கு மாப்பிள்ளை முடிவானது அங்கேதான். சீனாவை ரெண்டு தடவை அங்கே உட்கார்ந்தபடியே விரட்டியிருக்கிறோம்.

அப்புறம் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. கோயம்புத்தூரில் இன்ஜினியராக இருக்கும் அவன் மகன் வந்து மாட்டிவிட்டுப் போனான். என் செல்போனிலும் குருசாமி செல்போனிலும் ஒரே ஆப். வீட்டில் இருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். முறை மாறினால் வால்வுகூடத் தன்னால் திரும்பிக்கொள்ளும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதையும் அதுவே காட்டும்.

குறை சொன்னால் என் முழங்கால் என்னை மன்னிக்காது. பாம்பு பயம் இல்லை, த்ரீ பேஸ் கரண்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டாம். ராஜபாளையத்து வீட்டில் கட்டிலில் படுத்தபடி சேத்தூரை ஆண்ட ஒரே மன்னன் நான்தான். தேங்காய் விலை வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. வெட்டுக்கு வியாபாரி வீடியோ எடுத்து அனுப்பினார். பால்கோவாவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போன அளவுக்குக்கூட நான் தோப்புக்குப் போகவில்லை.

குறும்பை மட்டும் விடவில்லை. அவன் முறை நாளில் கட்டிலில் இருந்தே ஆஃப் பண்ணுவேன். செத்த நேரத்தில் ஆன் ஆகும். மறுபடி ஆஃப். மறுபடி ஆன். தனியாக விழுந்து விழுந்து சிரிப்பேன். யாரோடு இந்தச் சிரிப்பு என்று வீட்டில் கேட்டால், குருசாமியோடு பேசிக்கொண்டு இருக்கிறேன் என்பேன்.

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்... மாசக்கணக்கில்.

ஒரு நாள் சென்னையில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தோட்டப் பராமரிப்புக் கம்பெனியாம். உங்க சைடுல மோட்டார் அடிக்கடி கட் ஆகுது சார், டெக்னிக்கல் இஷ்யூவா என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார். நீ யாரும்மா, குருசாமியைக் கூப்பிடு என்றேன். அவருக்குக் குருசாமி யாரென்றே தெரியவில்லை. அந்தத் தோப்பைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கி ரொம்ப நாள் ஆச்சாம். ஆன்லைனில் பார்த்து, ட்ரோன் வீடியோவில் சுற்றிப் பார்த்து வாங்கினாராம். மோட்டாரைச் சென்னையில் இருந்து இவர்கள்தான் போடுகிறார்கள்.

போனை வைத்ததும் ஒரு புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. முன்பெல்லாம் மோட்டாரை நிறுத்தினால் ஒரு ஆள் வருவான்...

கூட்டுக் கிணற்றுப் பங்கோடு நிலத்தை விற்பதாக இருந்தால், முதல் வார்த்தை மற்றப் பங்குக்காரனிடம்தான். அதுவும் நேரில். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதை மீறுகிறவனா குருசாமி? கொதித்துப்போய்ப் போனைப் போட்டேன்.

சம்சாரத்துக்கு வைத்தியம் பார்க்கக் கோயம்புத்தூருக்கே போய்விட்டானாம். மகன் வீடு, ஏழாவது மாடி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாலே என்று கேட்டேன்.

"சொல்லத்தான் மாப்ள வந்தேன். ஒன் மொறை வர்ற நாளாப் பாத்து நாலஞ்சு தடவ ஆறு மணிக்கு மோட்டார் ரூம்ல வந்து உக்காந்திருந்தேன். மோட்டார் பாட்டுக்கு ஓடுச்சு. நீ வரல."

"போன்லயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நெலத்த விக்கப்போறேன், ஒனக்கு வேணுமான்னு போன்லயா கேப்பாக?"

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் வந்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களிலும் கட்டிலில் இருந்து ஆன் பண்ணியது என் கைதான். மோட்டார் சத்தம் கேட்டு, இதோ வந்துவிடுவான் என்று வரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்...

அப்புறம் அவனே, மெதுவாக, கிணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு என்று கேட்டான்.

அவசரமாக ஆப்பைத் திறந்தேன். "அறுவது பெர்சென்ட் காட்டுது மாப்ள."



"அப்ப நீ இப்பமும் வீட்லதான் இருக்கியா?"