வெள்ளிக்கிழமை முகத்துக்கு வாங்கிய பவுடர்

நகரியில் நிறத்தைப் பற்றிச் சண்டை வந்தால் கோவர்த்தனனைத்தான் கூப்பிடுவார்கள். தறிக்காரர்களில் கண் என்றால் அவன் கண். பழைய சேலையிலிருந்து ஒரு நூலை உருவிக் கையில் கொடுத்தால் போதும், எந்தச் சாயக்காரன் வீட்டிலிருந்தாவது அதே நிறத்தைத் தேடிப்பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். "இது அரக்கு இல்லடா, அரக்குக்கு அண்ணன்" என்று பேசுகிற ஆளை யார் என்ன செய்ய முடியும்? குழம்பு நிறம் மாறியிருந்தால்கூடக் குறை சொல்வான். உப்பு இல்லாததைக் கவனிக்கமாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே ஒரு நிறம் வந்து படுத்தியது. அவன் மனைவி தாட்சாயணிக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்துவிட்டது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் ஊர் வாய் இருக்கிறதே! போன தையில் ஒரு காதுகுத்துக்குப் போனவளைப் பந்தியில் உட்காரவைத்துத் துளைத்துவிட்டார்கள். "இன்னாமே மூஞ்சியெல்லாம் கறுத்துக்கினு வருது?" என்று ஆரம்பித்தவள் உறவுக்காரி கிருஷ்ணம்மா. ஜாதிக்காய் அரைத்துப் போடு என்றாள் ஒருத்தி, கழுதைப்பால் தடவு என்றாள் இன்னொருத்தி. தாட்சாயணி பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது வைகாசியில் அவள் தங்கை மணியம்மாவுக்குத் திருத்தணியில் கல்யாணம்.

"நான் வரல. நீ போயி தலையக் காட்டிட்டு வா" என்றாள் தாட்சாயணி.

"கூடப்பொறந்தவ கல்யாணம்மே! இப்பத்தான் திருத்தணிய மதராஸ் பக்கம் சேத்தாங்க, நாம ஆந்திராவுலயே நின்னுட்டோம். ஸ்டேட் மாறினதும் சொந்தத்த மறந்துட்டாளுன்னு பேசுவாங்க."

"பேசட்டும். என் மூஞ்சியப் பேசறதுக்கு அது தேவல."

சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். கோவர்த்தனனுக்கு நெஞ்சு கேட்கவில்லை. அவனுக்கு அந்த முகம் மங்கோடும் பிடிக்கும், மங்கில்லாமலும் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் வாய் வராது. தங்கை கல்யாணத்துக்கு அவளைத் தலை நிமிர்த்திக் கூட்டிப்போகாவிட்டால் தான் என்ன புருஷன் என்று பட்டது. திருப்பதியில் ஒரு மருந்துக்கடையில் ஏழை பாழைகள் வாங்குகிற மாதிரி நிறநிறமாக முகப்பவுடர் வந்திருக்கிறதாக யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் குளித்துவிட்டு வாசலில் கூந்தலை உலர்த்தும்போது, கை நிறைய நூல் துண்டுகளோடு கன்னத்தருகே போய் நின்றான்.

"இன்னாய்யா இது? என்னையும் தறியில ஏத்தப்போறியா?"

"ஆடாம நில்லு."

கோதுமை நிறத்தில் ஒரு இழை, காவியில் ஒரு இழை. முறுக்கிப் பார்த்தான். மங்கு இல்லாத நெற்றியின் நிறம் அப்படியே வந்துவிட்டது. அந்த நூலை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு திருப்பதிக்கு ரயிலேறிவிட்டான்.

கடைக்காரர் சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலைப் பார்த்தார். "ஏமய்யா, இது மருந்துக்கடை. நூல்கடை அடுத்த வீதி."

"இது எங்க வீட்டுக்காரம்மா மூஞ்சி" என்றான் கோவர்த்தனன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிட்டிபாபு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அப்புறம் கேட்டார்: "நிறம் சரி. முகம் எண்ணெய் வழியிற முகமா, வறண்ட முகமா?"

கோவர்த்தனன் நூலையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை யோசித்ததே இல்லை. "கஞ்சி குடிக்கிற நூலு மாதிரிங்க. எண்ணெ தடவினா செத்த நேரத்துல காணாப்பூடும்."

"அப்ப வறண்ட முகம். முதல்ல ஸ்னோ க்ரீம் தடவணும், அது ஊறினப்புறம் பவுடரை ஒத்தி ஒத்தி எடுக்கணும். நேரா பவுடர் போட்டா செதில் செதிலா நிக்கும். உன் மூஞ்சி இருக்குதே, அதுக்கு ஸ்னோவே வேணாம், எண்ணெய்ச் செக்கு" என்று சொல்லி, ஒரு ஸ்னோ புட்டியையும் நூலின் நிறத்தோடு ஒத்துப்போன பவுடர் டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தாட்சாயணி ஸ்னோ தடவி, ஊறவிட்டு, பவுடரை ஒத்தினாள். மங்கு மறைந்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் முகம் மட்டும் கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி மஞ்சளாக நின்றது, கழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது.

"நூலு பொய் சொல்லாதுமே!" என்று கத்தினான் கோவர்த்தனன்.

தாட்சாயணி கண்ணாடியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ், நேத்து வெள்ளிக்கெழமை! மஞ்சா பூசிக் குளிச்ச மூஞ்சில வச்சா பாத்த? ஊரே மெச்சற கண்ணு, மஞ்சா தெரியலியா?"

அவனுக்கு மானம் போயிற்று. பிரித்த டப்பாவை எவன் திருப்பி வாங்குவான்? தூக்கி எறியப் போனவன் கையிலிருந்து அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வைய்யா. பவுடர மாத்த முடியாதுன்னா மூஞ்சிய மாத்திக்கினா போச்சி. கல்யாணத்தன்னிக்கி மஞ்சா பூசிக் குளிக்கிறேன், கழுத்துக்கும் சேத்து."

அப்படியே செய்தாள். அன்றைக்குப் பவுடர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கோவர்த்தனன் கண்ணுக்கே தெரியவில்லை.

திருத்தணியில் மாப்பிள்ளை தாலி கட்டினதைக்கூட அவன் பார்க்கவில்லை. யாராவது தாட்சாயணி முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்களா என்று அவள் பின்னாலேயே அலைந்தான். பந்தியில் கிருஷ்ணம்மா அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். உற்றுப் பார்த்தாள். கோவர்த்தனன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மே, மாப்பிளக்கி தறி வேலதானா?" என்று கேட்டுவிட்டு வடையைக் கடித்தாள் மகராசி.

ரயிலில் திரும்பும்போது அவன் பொருமித் தீர்த்தான். "ஒருத்தியாவது நல்லாக்கீதுன்னு சொன்னாளா? திருப்பதி வரைக்கும் போயி, நூலு மேட்ச் பண்ணி..."

"கேக்கலியேய்யா. ஒருத்திகூட ஒண்ணும் கேக்கல." அவள் முகம் சிரித்தது. "நான் பாயசம் ரெண்டாந்தரம் வாங்கித் துன்னேன், பாத்தியா?"

"இல்லியே" என்றான் கோவர்த்தனன். "நான் உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன்."