சகிந்திக் வீட்டு மணி

நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள ஓஸ்கெமென் நகரத்தில் சகிந்திக் கை வைத்து உயிர் பிழைக்காத கணினியே கிடையாது. அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே போதும், படுத்துக் கிடந்தது தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சரி, கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. நகரம் முழுக்க இல்லை, அவர் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் வாசல் வீடுகளில் மட்டும். அப்படி எழுந்து உட்கார்ந்தவற்றிலும் பாதி மறுநாள் திரும்பப் படுத்துவிட்டன.

பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நாடு முழுக்க ஒரே மணி என்று அறிவித்து, கிழக்குப் பக்கத்துக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளச் சொன்னபோது, அவர் வீட்டில் மட்டும் ஒரு முள்ளும் நகரவில்லை. மெத்தை விரிப்பு தைக்கும் அவர் மனைவி குல்யாஷுக்குச் சன்னல் வெளிச்சம்தான் எல்லாம். "சூரியன என் வீட்டுல யாரும் பின்னால தள்ள முடியாது" என்று சகிந்திக் சொல்லிவிட்டார். கைப்பேசி அவர் பேச்சைக் கேட்கவில்லை. கணினி கேட்டது. தானாக மணியைச் சரிசெய்துகொள்ளும் வழக்கத்தை அணைத்துவிட்டு, கையாலேயே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார். அக்கம்பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைத்தால் "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்பார்கள். இவரிடம் மட்டும் அழைப்பவர்களே முந்திக்கொள்வார்கள், "சகிந்திக் மணிப்படி வந்துடாதீங்க!"

குல்யாஷுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய் ஒரு குளிர்காலம் ஆகிவிட்டது. அல்மாத்தியிலிருந்து கண் மருத்துவர் ஒருவர் வருகிறார், விரல்விட்டு எண்ணும் அளவுதான் இடம், காலை ஒன்பதுக்கு இணையத்தில் பதிவு தொடங்கும் என்றார்கள். அடுத்து எப்போது வருவார் என்பது ஆஸ்பத்திரியிலேயே யாருக்கும் தெரியாது.

அன்று கைப்பேசியில் ஒன்பது அடித்ததும் சகிந்திக் கணினியில் நுழைந்தார். பதிவுப் பக்கம் அவரை நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பியது. நுழைவுப் பக்கம் அவருடைய மின்கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வாருங்கள் என்று வரவேற்று, பதிவுப் பக்கத்துக்கு அனுப்பியது. அதுவோ இவர் யாரென்றே தெரியாததுபோல் மறுபடி நுழைவுப் பக்கத்துக்கே விரட்டியது. இப்படியே போய் வந்து, போய் வந்து, கடைசியில் பிரவுசரே களைத்துப்போய்க் கைவிரித்தது.

"உள்ள போயாச்சா?" என்றாள் குல்யாஷ், சுவரைத் தடவிக்கொண்டு வந்து.

"போனேன். வெளிய வந்துட்டேன்."

"நீங்களா வந்தீங்களா, தொரத்தி விட்டாங்களா?"

குக்கிகளை அழித்தார். ரவுட்டரைப் பிடுங்கிச் செருகினார். முகவரிக்குப் பக்கத்திலிருந்த பூட்டுச் சின்னத்தைத் தட்டிப் பார்த்தார். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது. வேறு பிரவுசரில் முயன்றார். 'உங்கள் பாதுகாப்பான அமர்வு காலாவதியாகிவிட்டது' என்றது அது.

"இப்பத்தானடா உள்ள கால வச்சேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

உதவி எண்ணில் ஒரு பெண் கிடைத்தாள். 'பெரியவரே' என்பதுபோல மரியாதையாக 'அகாய்' என்றுதான் பேசினாள்.

"அகாய், உங்க கணினியில இப்ப மணி என்ன காட்டுது?"

"பத்தே கால்."

"இங்க ஒம்பதே கால்தானே ஆகுது?"

"அது உங்க மணி, மகளே. இங்க சூரியன் சொல்ற மணி பத்தே கால். நான் புவியியல் வாத்தியார், எனக்கே பாடமா?"

"பாடமெல்லாம் இல்ல அகாய். நீங்க நுழைஞ்சதும் அரை மணி நேரத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு தர்றோம். உங்க கணினி அத வாங்குது, தன் மணியப் பாக்குது, இது எப்பவோ முடிஞ்சுபோச்சுன்னு கிழிச்சுப் போட்டுடுது. சீட்டு இல்லாம வந்தா வாசலுக்குத்தானே அனுப்புவோம்?"

சகிந்திக் கணினி மணியை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார். பக்கம் ஒரே தாவலில் திறந்தது. 'எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன.' பக்கத்தைப் புதுப்பித்தார். அதே வரி. இன்னொரு முறை. அதே வரி.

"உள்ள போயிட்டீங்களா அகாய்?"

"போயிட்டேன், மகளே."

"ரொம்ப சந்தோஷம்! வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவர் மறுபடியும் பக்கத்தைப் புதுப்பித்தார். கதவோரம் நின்ற குல்யாஷ், "விடுங்க. தேநீர் ஆறுது" என்றாள். அவருடைய கை மவுஸை விடவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு மக்கேன் வந்து உட்கார்ந்தாள். பால் ஊற்றிய தேநீரைக் கிண்ணத்தில் நீட்டியபடியே சகிந்திக் ஆரம்பித்தார்:

"பழுது பெருசா ஒண்ணுமில்ல மக்கேன். மணிதான். கண்டுபிடிச்சுட்டோம்ல. இப்ப வீட்டுல இருக்குற எல்லாக் கடிகாரத்தையும் மாத்திட்டேன். இனிமே நாங்களும் ஊரோட சேர்ந்தவங்கதான்."

"எல்லாத்தையும் இல்ல" என்றாள் குல்யாஷ், சன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே. "அடுப்புக்கு மேல இருக்குற கடிகாரத்த எடுக்கணும்னா ஸ்டூல இழுக்கணும். ஸ்டூல இழுத்த சத்தமே எனக்குக் கேக்கல."