இணைப்போடு வந்த கடிதங்கள்

ஃபோன் பேசவும் ஈமெயில் பார்க்கவும் ஆட்கள் வரும் கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரார் கடிதங்களை அவர்களுக்கு முன்பே படித்துவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் அந்தத் தொழிலில் கஷ்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இருபது வருஷத்துக்கு முன்னால், இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயா டவுனில் முதலாளி நானாவின் கடைக் கம்ப்யூட்டர் முன் என்னை உட்காரவைத்த நாளிலிருந்து பயந்துகொண்டேதான் இருந்தேன்.

கடைக்கு ஒரே ஈமெயில் முகவரி. அப்போது தமிழில் தட்டினால் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, இணைப்பாக அனுப்புவார்கள். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.

காய்ச்சல்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன தவமணியின் முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. அவள் அம்மா மாரியாயி அக்கா தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து பக்கத்தில் நின்றார். இணைப்பைத் திறந்தேன். கடிதம் வரவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. திருத்த வந்தவர் "வைரஸ்" என்றார். அக்காவின் முகம் வாடிப்போனது.

"புள்ளைக்குக் காய்ச்சலா தங்கச்சி? மறைக்காம சொல்லு."

எழவுச் செய்தி

அந்த வைரஸ் எங்கள் முகவரியிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாக மெயில் அனுப்பியிருந்தது. வந்த கடிதத்துக்குப் பதில் போடுவதைத் தவிர, நாங்களாக மெயில் போடுவது தோட்டத்து லய வீடுகளில் யாராவது இறந்தால் மட்டும்தான். மறுநாள் ஃபோன் ஓயவில்லை. டோஹாவிலிருந்து பேசியவர் என்னை விளக்கமே சொல்ல விடவில்லை.

"அப்பாவா, அம்மாவா? அத மட்டும் சொல்லுங்க."

நானாவின் கட்டளை

நானா சொல்லிவிட்டார், இணைப்போடு எது வந்தாலும் ஒரு மாதத்துக்குத் திறக்காமல் அழித்துவிட வேண்டும் என்று. அடுத்த வாரமே தவமணியின் முகவரியிலிருந்து மறுபடியும் ஒன்று வந்தது. அழித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தவமணி கடைக்கு ஃபோன் எடுத்தாள். ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்கு வரட்டுமா, இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா என்று நான் அழித்த அந்தக் கடிதத்தில் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாரியாயி அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் கடையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருசந்தானே. கண்ணத் தொடச்சிக்க தங்கச்சி, ஆளுக பாக்குறாங்க."

இப்போதும் ஃபோனில் தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தால் அழிக்கலாமா என்று நான்கு பேரிடம் கேட்கிறேன், நான்கு பேரும் அழிக்கத்தான் சொல்கிறார்கள், நான் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.