கொத்தமங்கலத்துச் சுமைதாங்கியும் பிலோமினாவும்

செக்காலைச் சாலையில் ஒரு செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா தூக்கத்துலயே போயிருச்சு சார்" என்றார். "ஞாயித்துக்கெழம உங்களக் கூட்டிக்கிட்டுத் திருமயம் போறதா இருந்துச்சு. பெட்ரோல்கூடப் போட்டு வச்சிருக்கு" என்றார். செருப்பில்லாத காலைச் சுடும் தாரில் ஊன்றியிருந்ததை வெகு நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

எங்கள் நாளிதழில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு, நாற்காலியை விட்டு எழாத துணை ஆசிரியராகத்தான் பிலோமினாவைத் தெரியும். நான் கொண்டுவரும் செய்தியில் பாதியை வெட்டிவிட்டு, "இப்பப் படிக்கலாம்" என்பார். ஓய்வு பெற்ற பிறகுதான் காரோட்டக் கற்றார். அதன் பின் ஞாயிறு தவறாமல், மாதா கோயில் பூசை முடிந்த கையோடு என் வாசலில் வந்து ஒலி எழுப்புவார். குன்றக்குடிக் குடைவரை, காளையார்கோவில் கோபுரம், திருமயம் கோட்டை என்று போவோம். ஐந்தாவது முறை பார்த்தாலும் முதல் முறை பார்ப்பதுபோல் படியில் ஓடுவார். "பலகை வச்ச எடத்த எல்லாரும் பாத்துருவாக. பலகை இல்லாததுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?" என்பார்.

அந்த ஆர்வம் அவரைக் கவிழ்த்ததும் உண்டு. கீழச்சிவல்பட்டி போகும் வழியில் துளையிட்ட கல் ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்தினார். பழைய கோட்டை வாசலின் நிலைக்கல் என்று முடிவு கட்டி, அரைமணி நேரம் எனக்கு விளக்கினார். அந்தப் பக்கம் வந்த விவசாயி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆத்தா, அது போன பொங்கலுக்கு எங்க காளையக் கட்ட நாந்தான் நட்டேன்" என்றார். முதலில் சிரித்தவர் பிலோமினா. "அப்ப அந்தக் காளையவாவது காட்டுங்க" என்று அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகே கிளம்பினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கொத்தமங்கலத்தில் நடந்ததை. ஊருக்கு வெளியே, சாலையோரத்தில், இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கி. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. நாங்கள் போய் நின்றபோது சாலையை அகலப்படுத்தும் வேலை அதற்கு மிக அருகில் வந்திருந்தது. மேற்பார்வையாளர் செந்தில், "சும்மா மொட்டைக் கல்லு மேடம். காலையில ஜேசிபி வந்துரும்" என்றார்.

பக்கத்தில் நின்ற சிகப்பி ஆச்சிக்கு முகம் வாடியிருந்தது. அது அவர் வீட்டார் வைத்த கல். "வருசா வருசம் முன்னோருக்குப் போடுற படைப்புல அவுகளுக்கும் ஒரு சேலை வச்சுக் கும்பிடுறோம். பேருதான் தெரியல. கல்லு ஆத்தான்னே கூப்பிடுறோம். இதுவும் போயிருச்சுன்னா அவுகளுக்குன்னு என்ன இருக்கு?" என்றார்.

பிலோமினா கல்லின் வடக்கு முகத்தை விரலால் தடவினார். பல தலைமுறைச் சுண்ணாம்பு. "உள்ள எழுத்து இருக்குய்யா!" என்று கத்தினார். செந்திலும் தடவிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. எழுத்துன்னு கண்ணால காட்டுங்க, வேலைய நிறுத்துறேன்."

அந்தப் பருவத்தில் வடக்கு முகத்தில் வெயில் படாது. ஒளி சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். பிலோமினா ஆச்சியிடம் திரும்பினார்.

"ஆச்சி, வீட்ல பெரிய கண்ணாடி இருக்கா?"

"முகப்புல இருக்கே, பெல்ஜியம் கண்ணாடி. மாமனார் கொண்டாந்தது. ஒடைஞ்சுபோச்சுன்னா?"

"என் காரை எடுத்துக்கங்க."

ஆச்சி காரை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு இந்தக் கண்ணாடியோட சட்டங்கூட வராது" என்றார். என்றாலும் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கண்ணாடியைத் தூக்கி வந்தவர்கள் நானும் செந்திலும். கல்லை அகற்ற வந்த அதே செந்தில், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துச் சட்டத்துக்கு அண்டை கொடுத்தார். "அங்குட்டுச் சாய்ங்க! இன்னும்! ஆ, இங்குட்டு!" என்று பிலோமினா விரட்டினார். வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கல்லின் மேல் வழுக்கியது. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கோடுகள் எழுந்தன.

"எழுத்து! மேடம், எழுத்து!" கண்ணாடியை விட்டுவிடுவாரோ என்று பயப்படும் அளவுக்குச் செந்தில் குதித்தார்.

நான் அதற்குள் முதல் வரியைக் கூட்டிப் படிக்க வாயைத் திறந்திருந்தேன். பிலோமினா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "சும்மா இருங்கய்யா. ஆச்சி, இங்க வாங்க. நீங்க படிங்க."

ஆச்சி குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். "உமையாள்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, கல்லுக்கு எதிரே யாரோ நிற்பதைப்போல, உரக்கச் சொன்னார்: "உமையாளு!"

செந்தில் மேலதிகாரியிடம் மன்றாடி அனுமதி வாங்கினார். மறுநாள் வந்த ஜேசிபி கல்லை உடைக்கவில்லை. கயிறு கட்டித் தூக்கி, சாலைக்கு அப்பால் கண்மாய்க் கரையில் அதே திசை பார்த்து நட்டது. அந்த ஆண்டுப் படைப்பில் சேலையை எடுத்து வைக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஆச்சி சொன்னார்.

செய்தியை முந்திக்கொண்டு தருவதே என் தொழில். அன்று வாயைப் பொத்திய அந்தக் கைதான் பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த மறுநாள் செந்தில் அழைத்தார். இப்போது வேறு சாலையில் வேலை. "சார், இங்குட்டு ஒரு கல்லு நிக்கிது. எழுத்து இருக்கு. கண்ணாடிக்கும் சொல்லிட்டேன். வாரீகளா?"

வருவதாகச் சொன்னேன். நான் வந்து சேருமுன் அது யார் வீட்டுக் கல் என்று விசாரித்து, அந்த வீட்டாரை அழைத்து வந்து நிறுத்தும்படியும் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்தேன்.