ஆதித் தாய்க்கு விதித்தது

அப்பா எங்கள் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பிள்ளைகளை மாமரத்தடியில் இருத்தி ஞானோபதேசம் படிப்பிப்பார். விலக்கப்பட்ட பழத்தைத் தின்ற ஆதித் தாய் தகப்பனின் பாடம் வந்தால் அவருடைய குரல் மாறிவிடும். "சருவேசுரன் ஒரே ஒரு சொல்லுத்தான் சொன்னவர். அதையும் கேக்கேல்லை. அதாலைதான் நாங்கள் எல்லாரும் சாகிறம்" என்பார். சின்னப் பிள்ளைகள் சில அழத் தொடங்கிவிடும்.

அதே குரலை வீட்டில் நான் கேட்டது அக்காவின் கலியாணத்தோடுதான். அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். சாவகச்சேரிப் பக்கம், சைவக் குடும்பம். அவரைக் கட்டப்போவதாக அக்கா சொன்னாள். அப்பா வேண்டாம் என்றார். அக்கா ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பதிவுக் கலியாணம் செய்துகொண்டு அவரோடு எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றாள்.

"சொல் கேளாதவளுக்கு இதுக்குள்ளை இடமில்லை" என்றார் அப்பா. படலை திறக்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. அம்மாவும் நானும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வருஷம் மாரி தொடங்கிய நாட்களில், ஒரு விடியற்காலை, அத்தான் தனியே வந்தார். நனைந்திருந்தார். படலைக்கு வெளியே நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டார்.

"மாமி, அவவுக்கு நேற்றையிலையிருந்து நோ. பிள்ளை வருகுதில்லை. உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா."

அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஏவாளுக்குச் சருவேசுரன் விதிச்சதுதானே? சொல் கேளாதவள் நொந்துதான் பெறவேணும்."

அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார். அப்படி நின்று நான் கண்டதில்லை.

"நானும் மூண்டு பெத்தனான். ஒண்டைத் தாட்டனான். உங்கடை எந்தச் சொல்லை நான் தட்டினனான்? எனக்கேன் நொந்தது?"

அப்பா, "போறதெண்டால் அங்கையே இரு" என்று மட்டும் சொன்னார். அம்மா சீலை மாற்றினார், பிளாஸ்கில் கொதித்தாறிய தண்ணீரை ஊற்றினார், என்னையும் கூட்டிக்கொண்டு அத்தானோடு பஸ் ஏறினார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. உதடும் நகமும் நீலமாக இருந்தன. "மத்தியானம் தாண்டுறது கஷ்டம், அம்மா" என்று மருத்துவிச்சி மெல்லச் சொன்னார். அக்கா மயக்கத்தில் கிடந்தாள். அத்தான் தன் தாயாருக்குச் சொல்லி அனுப்ப வெளியே போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா பிளாஸ்க் மூடியில் தண்ணீர் வார்த்து, செபத்தைச் சொல்லி, பிள்ளையின் தலையில் மூன்று முறை ஊற்றினார். சாகக்கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அப்பாதான் எங்களுக்குப் படிப்பித்தவர்.

"கேக்காமல் செய்துபோட்டன். அவையள் சைவக்காரர். நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றார் அம்மா.

பன்னிரண்டு மணிக்கு முன்னமே பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. அத்தானின் ஆட்கள் வீட்டோடு சேர்ந்த வெங்காயத் தோட்டத்து வேலியோரம் குழி வெட்டித் தாட்டார்கள்.

பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது படலை திறந்து கிடந்தது, அப்பா விறாந்தையில் நின்றார். பிள்ளை பிறந்து செத்ததை அம்மா சொன்னார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெறாத குழந்தை ஆண்டவருடைய முகத்தைக் காணாது என்பது அவருடைய நம்பிக்கை.

"தண்ணி வார்த்தனீங்களோ?" என்று கேட்டார்.

அம்மா அவரை நேரே பார்த்தார். "இல்லை" என்றார்.

நான் பிளாஸ்கைக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு ஆதித் தாய் தகப்பனின் பாடத்தை அப்பா படிப்பிக்கவில்லை. அந்த ஞாயிறு வந்தால் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய் இருந்துவிடுவார். இரண்டு வருஷம் கழித்து, என்னைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தேத்தண்ணி தந்தாள். மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்தார்கள். வெளிக்கிடும்போதுதான் அப்பா, "எவ்விடத்திலை?" என்று கேட்டார். அக்கா கையால் காட்டினாள். அவர் வேலியோரம் போய்க் குடையோடு நின்றார். சிலுவை போடக் கையைத் தூக்கினார், பாதியில் இறக்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன வருஷத்துக்குப் பிறகு, அம்மா அப்பாவுக்கு முந்திக் கண்மூடினார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து அப்பாவிடம் சொன்னேன். காது மந்தமாகியிருந்ததால் இரண்டு தரம் உரத்துச் சொல்லவேண்டியிருந்தது.

அப்பா கேட்டார்: "அப்ப கொம்மா ஏன் எனக்கு இல்லையெண்டவ?"

படலையடியில் நின்ற அக்காவை நினைத்தேன், எனக்கு விளங்கியது. ஆனால் சொல்லவில்லை. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு அவள் வந்தாள், அழவில்லை, பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். அவளுடைய பிள்ளையின் தலையில் அம்மா தண்ணீர் வார்த்தது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.