அக்கி என்று எழுதிய புண்

உள்ளங்கை அகலத்துக்குச் செங்காவி பூசிய தோல். என் மதினியை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கிறது. களத்தில் நெல் தூற்றக் கையைத் தூக்கியபோது, வலது இடுப்பில், சேலையை இறுக்கிச் சொருகும் இடத்தில் தெரிந்தது. ஒரு கணம்தான். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொழுந்தன் மதினியைக் கேலி பேசலாம். இடுப்பைப் பார்த்து விசாரிக்க முடியுமா? அக்கி வந்திருக்கும், வேளார் எழுதிவிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், புண் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சின்னமனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். மண்வெட்டி பட்ட கால், மாடு முட்டிய விலா, தலையில் சிரங்கு வைத்த பிள்ளை, எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கழுவிக் கட்ட எங்கள் ஆஸ்பத்திரியில் வேறு ஆள் கிடையாது. சாயங்காலம் மார்க்கையன்கோட்டைக்கு நடந்து திரும்பும்போது, இன்னொரு புண்ணைப் பற்றி நினைக்கவே அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புக்கும் சேர்த்துத்தான் கூச்சம் என்று பெயர் வைத்திருந்தேன் போல. இப்போது வயதான பிறகு அப்படித்தான் தோன்றுகிறது.

அக்கி என்பது இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி எரிகிற நோய். எங்கள் ஊரில் அதற்கு வைத்தியர் மண்பானை செய்யும் வேளார்தான். கொட்டாங்கச்சியில் காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் மாதிரி ஒன்றை எழுதுவார். மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, காவியை அழிக்கக்கூடாது. அக்கி தானாக ஆறுகிற நோய், ஆகவே எழுதியவருக்கு நல்ல பெயர். மதினிக்கு வந்தது இடுப்பில் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சித்திரையில் எழுதினார்கள், ஆவணியில் எழுதினார்கள், ஐப்பசியில் மறுபடி எழுதினார்கள். அந்தக் காவிக்கு அடியில் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒருவரும் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் வேளார் ஆஸ்பத்திரிக்கே என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ஒங்க மதினிக்கு மூணு தடவ எழுதிட்டேன். இனி எழுத மாட்டேன்."

"ஏன் வேளாரே, காவி தீந்துபோச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அக்கின்னா எரியும். அவுகளுக்கு எரியவே இல்லைங்கிறாக. மொதல்ல சுண்டக்கா அளவுதான் இருந்துச்சு. இப்ப ஓரமெல்லாம் தடிச்சு, தொட்டா ரத்தம் கசியுது. இது நம்ம கைக்கு அடங்காது தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா தலையக் குனிஞ்சுக்கிறாக. நீங்கதான் கூட்டியாரணும்."

படித்த டிரஸ்ஸர் பார்க்காததை அவர் பார்த்திருந்தார். தன் கைவேலை பலிக்கவில்லை என்று இன்னொருவனிடம் வந்து சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அண்ணனிடம் சொல்லி, மறுநாளே மதினியை அழைத்து வந்தோம். டாக்டர் பஞ்சை நனைத்துக் காவியைத் துடைத்தார். பூப்பெய்திய நாளிலிருந்து அதே இடத்தில் இறுக்கிச் சொருகிச் சொருகி, அங்கே தோல் பட்டையாக வெளுத்துத் தடித்திருந்தது. அந்த வெளுப்பின் நடுவில்தான் புண். வேர்வையும் உரசலும் ஆறவே விடாமல் அறுத்துக்கொண்டிருந்த இடம், புற்றாக மாறியிருக்கிறது என்றார். தேனிக்குப் போய் ரயிலேறி மதுரைக்குக் கொண்டுபோனோம். வெட்டி எடுத்தார்கள். ஆனால் புற்று பரவி, தொடையிடுக்கில் ஏற்கெனவே நெறி கட்டியிருந்தது. சித்திரையில் வந்திருந்தால் வெட்டியதோடு முடிந்திருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். தினமும் ஒரே இடத்தில் சொருகாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், தோல் வெளுத்தால் காட்டுங்கள், ஒரு மாதத்தில் ஆறாத புண்ணை ஒளிக்காதீர்கள். கூச்சங்கெட்ட மனுசன் என்று பெயர் வாங்கினேன். சிலர் கேட்டார்கள், பலர் சிரித்துக்கொண்டு போனார்கள். என் பெண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொன்ன பிறகுதான் ஒன்றிரண்டு பேராவது வந்து காட்டினார்கள்.

மதினி அடுத்த மாசி வரைக்கும் இருந்தார். கடைசி நாட்களில் கட்டு மாற்றுவது நான்தான். இருவருக்கும் கூச்சமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஒருநாள் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, யாரிடமோ சொல்வதுபோல் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மொத தடவ எழுதி ஆறலன்னதும், ஒரு நா ஆஸ்பத்திரிக்கு வந்தேன் கொழுந்தனாரே. பொம்பளைக வரிசையில நாலு பேருதான் இருந்தாக. எட்டிப் பாத்தேன். அங்கன நீங்க கட்டுக் கட்டிக்கிட்டு இருந்தீக. ஒங்ககிட்ட எப்பிடிக் காட்டுறதுன்னு திரும்பிட்டேன்."

அன்றைக்கு அந்த நாலு பேரும் யார், அவர்களுக்கு என்ன புண் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.