மூன்றாவது பதில்

பச்சை அட்டை போட்ட அந்தக் களக்குறிப்பு நோட்டை நான் திறக்காமலே இருந்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரே ஓர் அட்டவணையைச் சரிபார்க்கத்தான் எடுத்தேன். திங்கட்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து, ஆறு வருஷ உழைப்பும் போச்சு. வழிகாட்டி என்ற முறையில் நான் போடவேண்டிய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆய்வாளர் வேறு யாருமில்லை, திண்டிவனத்தில் எனக்கு இளங்கலையில் வேதியியல் சொல்லிக்கொடுத்த சார். அந்தப் பாடத்தில் எப்போதோ முனைவர் பட்டம் வாங்கியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே நான் வேலை பார்க்கும் சமூகவியல் துறைக்கு வந்து, இரண்டாவது முனைவர் பட்டத்துக்கு என்னிடமே பதிந்துகொண்டார். நான் வேதியியலை விட்டு ஓடியவள் என்பதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. ஆனால் துறைக்குள் மட்டும் 'மேடம்' என்பார். நான் உள்ளே போனால் எழுந்து நிற்பார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை போட்ட நிலங்கள் வீட்டு மனைகளாக விற்கப்பட்டபோது, குடும்பத்தில் முடிவெடுத்தது யார் என்பதுதான் அவர் தலைப்பு. பெரும்பாலான வீடுகளில் கணவனும் மனைவியும் கலந்து பேசியே விற்றார்கள் என்று முடிவுரையில் எழுதியிருந்தார். நானும் படித்துத் தலையாட்டியிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

சார் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய அந்த நோட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்று பதில்கள் இருந்தன. ஒரே கேள்வியை மூன்று வெவ்வேறு நாட்களில் கேட்டு வாங்கியவை. பல பக்கங்களில் ஒரு பதிலின்மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. அந்தக் கோடு எனக்குத் தெரிந்ததுதான். ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து அமிலத்தின் செறிவைக் கணக்கிடும்போது அவர் எங்களுக்குப் பழக்கிய முறை அது. அளவை மூன்று முறை எடு. ஒத்துவரும் இரண்டை வைத்துக்கொள். ஒட்டாததைப் பிழையென்று அடித்துவிடு. ரப்பரால் அழிக்க மட்டும் கூடாது, அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பெருமுக்கல் கிராமத்து அம்மா ஒருவர் இரண்டு முறை, "ரெண்டு பேரும் பேசித்தான் வித்தோம்" என்றிருக்கிறார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்தது இது: "என்னிய யாரு கேட்டாங்க? கையெழுத்து போடுன்னாங்க, போட்டேன்." ஓரத்தில் சாரின் பொடி எழுத்தில், 'கணவர் வீட்டில் இல்லை'. அடிக்கப்பட்ட பதில்கள் எல்லாமே அப்படிக் கணவர் இல்லாத நாளில் சொன்னவை.

திண்டிவனத்துக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. போடாவிட்டால், பாடம் சொன்னவரையே ஃபெயிலாக்கிய மாணவி நான். இரண்டில் எதைத் தாங்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்தில் சார் பைண்டிங் செய்த பிரதிகளைத் தன் வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்துக் காத்திருந்தார். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு ஒத்து வந்தா மூணாவது தப்பு. உனக்கு நான்தானே சொல்லிக் குடுத்தேன்? அன்னைக்கி அந்தம்மா ஏதோ கோவத்துல இருந்திச்சி."

"இத்தினி பேருமா சார் கோவத்துல இருப்பாங்க? அடிச்சதெல்லாம் வீட்டுக்காரரு இல்லாத நாளு சார்."

"இப்ப வந்து சொல்றியேம்மா. திங்கக்கெழம கடேசி நாளு. ஆறு வருஷம்..." மேலே இருந்த பிரதியை எடுத்து, கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

நான் பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கையெழுத்துப் போட்டுவிடத்தான் எடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை சார் சமர்ப்பிக்கவில்லை. மறுபடி பதிந்து, இப்போது முதலாண்டு மாணவராக வருகிறார்; நான் உள்ளே போனால் இன்றும் எழுந்து நிற்கிறார். நான் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன் என்று துறையில் என்னை மெச்சுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. அன்று என் பேனா தாளைத் தொட்டபோது பேசியது சாரின் மனைவி. அதுவரை சமையலறை வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டு, நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இந்த வீடு கட்டறதுக்கு எங்கம்மா எனக்குக் குடுத்த நெலத்த வித்தீங்களே, அப்ப என்னிய ரெண்டு வாட்டி கேட்டீங்க. ரெண்டு வாட்டியும் உங்கம்மா பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாங்க. சரின்னேன்."

சார் மெல்லத் திரும்பினார். "மூணாவது வாட்டி?"

"நீங்க கேக்கவே இல்லியே."